மூணு வருஷமாய் முடியாத கல்யாணம்

அத்தியாயம் 5

இந்தக் காலத்தில் எவனும் எதையும் தொட்டுப் பார்ப்பதில்லை. மழை பெய்கிறதா என்று கேட்டால் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டமாட்டான். போனை எடுத்துப் பார்ப்பான். போனில் வெயில் படம் இருந்தால், சொட்டச் சொட்ட நனைந்துகொண்டே "மழை இல்லையே" என்பான். காய்ச்சல்காரன் நெற்றியில் கை வைக்கிற பழக்கமும் போயிற்று. திரையில் நாலு எழுத்து ஓடினால் போதும், கற்பூரம் காட்டாத குறை.

வேம்புக்கு இந்தப் புத்தி கட்டோடு பிடிக்காது. முப்பத்தெட்டு வருஷம் துறைமுகத்தில் கண்டெய்னர் சீல் பார்த்தவர். படிப்பு ஆறாவது, அதுவும் பாதி. ஆனால் பூட்டும் கதவும் கீலும் பொய் சொன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். ரிட்டயர் ஆன பிறகு ராயபுரத்தில் யார் வீட்டில் எது காணாமல் போனாலும் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வருவார், திட்டுவார், கண்டுபிடிப்பார். அனேகமாக இந்த வரிசையில்தான்.

இன்றைக்கு அவரை இழுத்து வந்தவள் சங்கமித்ரா. வியாசர்பாடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள். வயசு முப்பத்தாறு, வாய்க்கு மட்டும் அறுபது. அவள் ஸ்கூட்டியின் பின்னால் அவர் உயிரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நைனா, கெட்டியா புட்ச்சிக்கோ. ஸ்பீட் பிரேக்கர் வருது."

"அது வருதா, நீ போறியா? குந்துன எடத்துல குந்திகினு கீறத வருதுன்ற. நீ எப்டி மெசினு ரிப்பேர் பண்ற?"

"அத்த பண்ணத் தெரியாதவங்கதான் உன்னியக் கூப்டுவாங்க. எறங்கு, கட வந்திச்சு."

கல்மண்டபத்தில் தவசிமுத்துவும் சௌக்கத் அலியும் கூட்டாக நடத்துகிற முந்திரி இறக்குமதிக் கம்பெனி. முன்னால் கல்லா, பின்னால் கண்ணாடி போட்ட ஏசி அறை. அறையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு பெஞ்சு. பெஞ்சின் ஓரத்தில் ராமசெல்வி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். ஆறு வருஷமாய் அந்தக் கம்பெனியில் டைப் அடிப்பவள். சாத்தான்குளத்துப் பெண்.

விஷயம் இதுதான். திருவொற்றியூர் யார்டில் சௌக்கத் அலி பேரில் இறங்கிய மூன்று கண்டெய்னர் முந்திரியை, அவர் கையெழுத்துப் போட்ட கடிதத்தைக் காட்டி யாரோ லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கடிதம் போலி. ஆனால் அடித்தது இந்த அறைப் பிரிண்டர்தான். அதில் எந்தத் தாள் வந்தாலும் வலது மூலையில் திருஷ்டிப் பொட்டு மாதிரி ஒரு கரும்புள்ளி விழும். மூன்று கடிதத்திலும் அது இருந்தது. கம்ப்யூட்டரைத் திறக்கிற பாஸ்வேர்டு ராமசெல்வி ஒருத்திக்குத்தான் தெரியும்.

"நாலு மணி வரைக்கும் டைம்," என்றார் சௌக்கத் அலி. நல்ல மனுஷன், அன்றைக்கு முகம் அடுப்புக்கரி மாதிரி இருந்தது. "அதுக்குள்ள ஒண்ணும் தெரியலேன்னா இந்தப் பொண்ண ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறேன். எனக்கு மட்டும் ஆசையா?"

"நல்லாப் பாரும் வே," என்று கதவோரத்திலிருந்து தவசிமுத்து அண்ணாச்சி சொன்னார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. "மெசினே எழுதி வச்சிருக்குல்லா? அது ஓடுன நேரம் பூரா இவ நாக்காலியில இருந்திருக்கா. இவ இல்லாத நேரம் பூரா அது ஆஃப்பு. நமக்கு மவுசுன்னு சொல்லுத அந்த எலியப் பிடிக்கக்கூடத் தெரியாது. மருமவன் சொன்னான், கேட்டுக்கிட்டேன்."

மருமகன் ஜோபின் காதில் ஒயரோடு தலையாட்டினான். அண்ணாச்சி மகள் ஷெர்லினைக் கட்டியவன். கம்பெனிக்கு வருவான், சாப்பிடுவான், போனில் சண்டை விளையாடுவான்.

அவர்கள் முன்பக்கம் போனதும் சங்கமித்ரா கம்ப்யூட்டரை நோண்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "உண்மதான் நைனா. காத்தால ஒம்போதரைக்கு ஆன், மதியம் ஒண்ணுக்கு ஆஃப். மூணரைக்கு ஆன், ஏழுக்கு ஆஃப். பொட்டு வச்ச மாதிரி கீது. மெசினு தானா எழுதிக்கற நோட்ட எவனும் திருத்தல."

"சீலு ஒடையல."

"ஒடையல."

"அப்ப கதவப் பாரு." வேம்பு பெஞ்சில் குந்தினார். "கண்டெய்னர் திருடுறவன் சீல ஒடைக்க மாட்டான் மித்ரா. கைப்பிடிய அடிச்சிருக்கற ஆணி, அந்த ரிவெட்ட மட்டும் தட்டிக் கழட்டுவான். சீலு அப்டியே தொங்கிகினு இருக்கும், கைப்பிடியோட சேந்து கழண்டு வந்துடும். சரக்க எடுத்துகினு மறுபடி மாட்டி பெயிண்டு பூசிட்டுப் போய்டுவான். சீலப் பாக்கற கஸ்மாலம் எல்லாம் ஓகேன்னு எழுதிடுவான்."

பேசிக்கொண்டே கம்ப்யூட்டர் பெட்டியின் மண்டையைத் தடவினார். கையில் ஒட்டியதை வெளிச்சத்தில் பிடித்தார். சாம்பல் நிற மயிர்.

"இன்னாம்மா இது?"

"பூனை ஐயா," என்று ராமசெல்வி மூக்கைத் துடைத்தாள். "மேஸ்திரின்னு பேரு. ஒரு வேலையும் செய்யாது, எல்லாரையும் மேற்பார்வை பாக்கும். சில நாள் மதியம் சாப்பிட்டு வந்தா இது மேலதான் படுத்திருக்கும். எறக்கி விட்டுட்டுத்தான் மெசினை ஆன் பண்ணுவேன்."

"சில நாளா, தெனமுமா?"

"சில நாள்தான். மத்த நாள் வெளிய வெயில்ல கெடக்கும். இங்கன ஏசி, அதுக்கு ஆகாது. போன செவ்வாக்கிழமை எறங்கவே மாட்டேன்னுட்டு. மீன் முள்ளைக் காட்டித்தான் எறக்கினேன்."

கடைசிப் போலிக் கடிதம் யார்டுக்குப் போனது செவ்வாய்க்கிழமை.

வேம்பு எழுந்தே விட்டார். "ஒண்ணுலேர்ந்து மூணரை வரைக்கும் ஆஃபாகிக் கெடந்த பெட்டி சில்லுனு இருக்கணும். குளுருக்குப் பயந்த பூனை அது மேல இன்னாத்துக்கு ஏறுது?"

"நைனா," என்றாள் சங்கமித்ரா, "கோர்ட்டுல பூனைக்கு சம்மன் அனுப்பப் போறியா?"

"மனுசன உட அது மேலு. இந்த மெசினு உள்ள ஒரு யார்டுன்னு வச்சிக்க. இருக்கறதுலயே பெரிய பெட்டி எது?"

அவள் தட்டினாள். ஒரு பெயர் மேலே வந்து நின்றது. 'ஷெர்லின் கல்யாணம்.' நாற்பது ஜிபி.

"அது ஜோபின் அண்ணன் கல்யாண வீடியோ," என்றாள் ராமசெல்வி. "ஓப்பனே ஆகாது. எடத்தை அடைக்குதேன்னு அழிக்கப் போனேன். பிள்ளை கல்யாணத்தை அழிக்கப் போறியா, வெளங்குமான்னு அண்ணாச்சி ஏசிட்டாக."

"கல்யாணம் எப்போ?"

"மூணு வருஷம் ஆச்சு."

"மித்ரா, அத்தக் கடைசியாத் தொட்டது எப்போன்னு போட்ருக்குமே."

சங்கமித்ராவின் வாய் முதல்முறையாக மூடிக்கொண்டது. பிறகு திறந்தது. "போன செவ்வாக்கெழம. மதியம் ரெண்டு அம்பது."

"மெசினு ஆஃபாகிக் கீற நேரம்."

"ஆமா."

"அப்ப கல்யாணம் இன்னும் நடந்துகினு கீது!" வேம்பு தொடையில் அறைந்துகொண்டார். "மூணு வருசமா மேளம் அடிக்கறானுங்க, ஒருத்தன் காதுலயும் உழல!"

சங்கமித்ரா பெயரின் வாலைப் பார்த்தாள். வீடியோவுக்கு இருக்கிற வால் இல்லை. "டபாய்ச்சிட்டானுங்க நைனா. இது வீடியோவே இல்ல. விர்ச்சுவல் டிஸ்க். ஒரு முழு கம்ப்யூட்டர மடிச்சு ஒரே ஃபைலா அடைச்சு வச்சிருக்கானுங்க."

"கம்ப்யூட்டருக்குள்ள கம்ப்யூட்டரா? கத உடாத."

"கேளு. வழக்கமா ஆன் பண்ணா மெசினு தன் சொந்த வூட்டுக்குள்ள போவும். ஆன் ஆவுறப்பவே மேல் வரிசைல ஒரு பட்டனத் தட்டிகினே இருந்தா, எந்த வூட்டுக்குன்னு கேக்கும். இந்தப் பெட்டியக் காமிச்சா நேரா இதுக்குள்ளயே போய்க் குந்திக்கும், இதுலேர்ந்தே பூட் ஆவும். அதே ஸ்கிரீனு, அதே கீபோர்டு, அதே பிரிண்டரு. ஆனா சொந்த வூட்டு நோட்டுல ஒரு வரி ஏறாது. அத்தப் பொறுத்தவரிக்கும் மெசினு ஆஃபு. செல்வியோட பாஸ்வேர்டும் தேவையில்ல."

"ரிவெட்டு!"

"ரிவெட்டுதான். இரு, பெட்டிய வெளியேர்ந்தே தொறந்து பாக்கறேன்."

திறந்தாள். மூன்று போலிக் கடிதமும் உள்ளே அழகாக அடுக்கியிருந்தன, சௌக்கத் அலியின் கையெழுத்துப் படத்தோடு. வேம்பு உற்சாகத்தில் சௌக்கத் பாயைக் கூப்பிட்டுவிட்டார். பாய் வந்து குனிந்த நேரத்தில்தான் சங்கமித்ரா, அந்தப் பெட்டி யார் பேரில் இருக்கிறது என்று பார்த்தாள்.

ராமசெல்வி.

பாய் பெருமூச்சு விட்டார். போனைக் கையில் எடுத்தார். ராமசெல்வி அழுவதைக்கூட நிறுத்திவிட்டாள்.

"பாய், போன உள்ள வை," என்றார் வேம்பு. "கண்டெய்னர் மேல எவன் பேர வேணா எழுதலாம். பெயிண்டு டப்பா இருந்தாப் போதும். தன் பேர எழுதிகினு திருடுற கூமுட்டைய நான் முப்பத்தெட்டு வருசத்துல பாத்ததில்ல. மதியம் இங்க யார் யாரு இருப்பாங்க?"

"ஒண்ணுலேர்ந்து மூணரை ஷட்டர் பாதி எறக்கிருவோம். எங்க கடைங்கள்ல வழக்கம். அண்ணாச்சி இந்த பெஞ்சுல தூங்குவார். ஜோபின் வெளியே போன்ல சுட்டுட்டே இருப்பான். மத்தவங்க எல்லாம் வீட்டுக்கு."

"ஜோபின்தான்," என்று சங்கமித்ரா கிசுகிசுத்தாள். "அவன் கல்யாணம், அவன் வீடியோ. மாமனாரு கொறட்ட உடற நேரத்துல உள்ள பூந்துடறான். மூஞ்சப் பாரு, எலி புழுக்கையப் பாத்த மாதிரி."

வேம்பு திரையில் இருந்த கல்யாணத்தைக் காட்டினார். "மித்ரா, இந்தப் பெட்டி தொறக்கும்போது எடம் எவ்ளோ அடைக்கும்?"

"இப்ப மடிச்சு வச்சு நாப்பது. பூட் ஆவுறப்போ ஊதி முழு சைசுக்கு வந்துடும், நூத்தி இருவது. ஆஃப் பண்ணா மறுபடி சுருங்கிடும்."

"ஊத எடம் இல்லேன்னா?"

"நீலமா ஒரு பக்கத்தக் காமிச்சு படுத்துக்கும். எடம் பத்தலன்னு அதுலயே எழுதியும் இருக்கும்."

வேம்பின் பொக்கை வாய் மெல்ல விரிந்தது. யார்டில் விலை உசந்த சரக்கு வந்தால் இரண்டு கண்டெய்னரைக் கதவோடு கதவாக ஒட்டி நிறுத்துவார்கள். திருடன் சீலை உடைக்கலாம், ரிவெட்டைக் கழட்டலாம்; கதவு விரிய இடம் இல்லையென்றால் என்ன செய்வான்?

"ரொப்பு," என்றார்.

"எத்த?"

"எத்தயாவது! கதவு தொறக்கக் கூடாது. மெசினோட சொந்த வூட்டுக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?"

"அது பாட்டுக்கு ஓடும். செல்வி டைப் அடிச்சா வித்தியாசமே தெரியாது." சங்கமித்ரா பையைக் கவிழ்த்து ஒரு ஹார்ட் டிஸ்கை எடுத்தாள். "எங்க பெரிம்மா வூட்டுக்காரர் காசிமேட்டுல எடுத்த மீன் ஏலம். நாலு வருசம். மன்சன் தூங்கற நேரம் தவிர வீடியோதான். எதுக்குடா இத்த வச்சிகினு கீறோம்னு பேஜாரா இருந்துச்சு."

வஞ்சிரமும் சங்கராவும் நண்டும் வரிசையாகக் கம்ப்யூட்டருக்குள் இறங்கின. பன்னிரண்டே காலுக்கு ஆரம்பித்தது, ஒன்று அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது முடிந்தது. பாயைப் பக்கத்தில் நிறுத்தி மணியைப் பார்க்க வைத்தார் வேம்பு. பன்னிரண்டு ஐம்பத்தெட்டுக்கு ராமசெல்வி மெஷினை அணைத்தாள்.

வெளியே கல்லாவுக்கு அருகில் வந்ததும் வேம்பு கப்பல் சங்கு மாதிரி குரலை உயர்த்தினார். "நாளிக்கு கிண்டிலேர்ந்து ஒருத்தன் வரான் பாய்! மெசினையே கழட்டி எடுத்துகினு போவானாம். உள்ள ஒரு லெட்டர் இருந்தாலும் உருவிடுவானாம்!"

அண்ணாச்சி தலையை ஆட்டினார். ஜோபின் போனில் யாரையோ சுட்டான்.

பிறகு பாய், ராமசெல்வி, சங்கமித்ரா மூவரையும் வேம்பு பிரியாணிக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"உள்ள ஒளிஞ்சிகினு பாக்கலாமே நைனா?"

"காவலுக்கு ஆளு நின்னா எந்தத் திருடன் வருவான்? கம்முனு துன்னு."

ராமசெல்வியால் ஒரு வாய்கூட இறக்க முடியவில்லை. சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஊர்ல அம்மாவுக்கு நான் போலீஸ்டேஷன் போனேன்னு தெரிஞ்சா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். வேம்பு அவள் இலையிலிருந்த முட்டையை எடுத்து அவள் கையில் வைத்தார். "துன்னு. அழுவறதுக்கும் தெம்பு வோணும்."

மூன்றரைக்கு ஷட்டர் ஏறியது. நால்வரும் உள்ளே வந்தார்கள். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் பெட்டியின் மேல், நாலு காலையும் நீட்டி, மகாராஜா மாதிரி மேஸ்திரி தூங்கிக்கொண்டிருந்தது.

வேம்பு பூனையின் வயிற்றடியில் கையை விட்டார். பெட்டி சுட்டது.

"எத்தினி வாட்டி ஆன் பண்ணிப் பாத்தானோ பாவம்," என்று சங்கமித்ரா பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். கண்ணால் ஜோபினைக் காட்டினாள். அவன் நெற்றி வேர்த்திருந்தது. வாயைத் திறந்தான்.

"இந்த வைஃபை ஏன் இவ்வளவு ஸ்லோ?" என்றான். "தோத்துட்டேன்."

சங்கமித்ராவின் முகம் தொங்கிப்போயிற்று.

அதற்குள் தவசிமுத்து அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்தபடி அறைக்குள் வந்தார். வந்த வேகத்தில் ராமசெல்வியைப் பிடித்துக்கொண்டார்.

"சௌக்கத் பாய், இன்னும் என்னத்த யோசிக்கீரு? நாலு மணி ஆவப்போவுது. இவ யோக்கியதையப் பாரும்! கம்பெனி மெசின்ல கண்ட கண்ட படத்தைப் போட்டு ரொப்பி வச்சிருக்கா. ஒரு இஞ்சு எடம் கெடையாது! ஏட்டி, இதுக்கா ஒனக்குச் சம்பளம்? மொதல்ல அதையெல்லாம் அழிட்டி!"

பாய் நிமிர்ந்து வேம்பைப் பார்த்தார்.

வேம்பு பூனையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டார். "அண்ணாச்சி, மெசினு ரொம்பிக்கீதுன்னு யாரு சொன்னாங்க?"

"பாத்தம்லா."

"எப்போ?"

"காலையில பாத்தேன் வே."

"காத்தால நூத்தி அம்பது ஜிபி காலியாக் கெடந்துச்சு. மீனெல்லாம் கர ஏறுனது பன்னண்டே காலுக்கு. கடைசி நண்டு உள்ள போறப்போ பாய் பக்கத்துல நின்னாரு. ஒண்ணுக்கு ரெண்டு நிமிசம் இருக்கும்போது ஆஃபு பண்ணாங்க. மித்ரா, நோட்டு இன்னா சொல்லுது?"

ராமசெல்வி பாஸ்வேர்டு போட்டாள். சங்கமித்ரா படித்தாள். "பன்னண்டு அம்பத்தெட்டுக்கு ஆஃப். அப்பால இப்பதான் ஆன். நடுவுல யாரும் தொடல."

"நீதான அண்ணாச்சி சொன்ன, மெசினு எழுதி வச்சா சரின்னு?"

"அது... ஜோபின் சொன்னான். மருமவன் சொன்னான்!"

ஜோபின் காதிலிருந்து ஒயரைப் பிடுங்கினான். "மாமா, மெசின் ரொம்பிடுச்சுன்னு நான் எப்ப சொன்னேன்? எனக்குப் பாஸ்வேர்டே தெரியாதே!"

சங்கமித்ரா மெஷினை அணைத்துப் போட்டு, மேல்வரிசைப் பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தாள். இரண்டு வீடு வந்தது. இரண்டாவதைக் காட்டினாள். திரை பளிச்சென்று நீலமாயிற்று. இடம் போதவில்லை என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது.

"ரெண்டரை மணி நேரமா இந்தக் கடலப் பாத்துகினு இருந்திருக்க," என்றார் வேம்பு. "லெட்டர அழிக்கணும். உனுக்குத் தெரிஞ்சது ஒரே வாசல். அதும் தொறக்கல. கடுப்புல அத்தயும் இந்தப் பொண்ணு தலையிலயே கட்டலாம்னு வந்த பாரு, அங்கதான் வழுக்கிட்ட. எலியப் புடிக்கத் தெரியாதாமே, எலி!"

தவசிமுத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெட்டியைச் செய்து கொடுத்தவன் அவருடைய ஊர்க்காரப் பையன். எந்தப் பட்டன் என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு துபாய் போய்விட்டான். காகிதம் அண்ணாச்சியின் சட்டைப்பையிலேயே இருந்தது.

"நீரு தனியாப் போவப் போறீருன்னு கேள்விப்பட்டேன் பாய்," என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "பதினெட்டு வருஷம் ஒண்ணா இருந்துட்டு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. சரக்கு போச்சுன்னா பயந்து கூடவே கெடப்பீருன்னு நெனச்சேன். சரக்கு பத்திரமா மாதவரத்துல கெடக்கு."

"தனியாப் போறேனா? யார் சொன்னது?"

"வாட்ஸப்புல வந்துச்சு."

வேம்பு வாய்விட்டுச் சிரித்தார். பூனை பயந்து குதித்து ஓடியது.

சௌக்கத் அலி சிரிக்கவில்லை. மணியைப் பார்த்தார். நாலு. "ராமசெல்வி, என்னை மன்னிச்சிரும்மா. ஸ்டேஷனுக்குப் போறதுன்னு சொன்னேன், போறேன். ஆட்டோல என் பக்கத்துல உக்காரப்போறது நீ இல்ல, அவ்வளவுதான். எழுந்திரும் அண்ணாச்சி."

அவர்கள் போன பிறகு ராமசெல்வி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, வேம்பு கையில் டீயைக் கொடுத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், ஆறு வருஷமாய் உட்கார்ந்த அதே இடத்தில்.

சங்கமித்ரா அந்தக் கல்யாணத்தைச் சாட்சிக்குப் பிரதி எடுத்து ஜிப் பையில் போட்டாள். பிறகு மெஷினிலிருந்து துடைத்தாள். இரண்டாவது வீட்டின் பேரையும் அழித்து மெஷினை அணைத்தாள். மின்சார ஒயரையும் பிடுங்கிக் காட்டினாள். "இப்ப ஒத்துக்கோ நைனா. மெசினு பொய் சொல்லல. மன்சன்தான் சொன்னான்."

"பூன சொல்லிச்சு. மெசினு இன்னா சொல்லிச்சு? காத்தால இந்தப் பொண்ணக் காட்டிக் குடுத்துச்சு. சாயந்தரம் அந்தாளக் காட்டிக் குடுத்துச்சு. ரெண்டு பக்கமும் சாட்சி சொல்றவன எங்க ஊர்ல வேற பேரு வச்சிக் கூப்டுவோம்."

"இப்ப அது சுத்தம். உள்ள வேற பெட்டியே கெடையாது. எங்கம்மா மேல சத்தியம்."

"இத்தயும் நீ ஸ்கிரீனப் பாத்துதான சொல்ற?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். வேம்பு டீயைக் குடித்து முடித்து, அதற்குள் ஏசியில் சில்லிட்டுப் போன பெட்டியை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்தார். ஷட்டரின் கீலைப் பழக்கத்தில் தட்டினார். திரும்பிப் பார்த்தார்.

கண்ணாடிக்குப் பின்னால் மேஸ்திரி சோம்பல் முறித்து மேஜைமேல் ஏறியது. ஒயர் பிடுங்கிய பெட்டியை ஒருமுறை மோந்தது. பிறகு அதன் மண்டையில் ஏறி, சுருண்டு, கண்ணை மூடிக்கொண்டது.

"பழக்கதோசம் நைனா! சும்மா பழக்கதோசம்!" என்று சங்கமித்ரா உள்ளேயிருந்து கத்தினாள்.

வேம்பு அந்தப் பெட்டியை முறைத்தார். அவளுடைய ஸ்கூட்டியையும் ஒரு முறை முறைத்துவிட்டு, கல்மண்டபம் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடையைக் கட்டினார்.